மருந்தாளர் பதில்கள்: ஊசி மருந்தும் குளிர்ப்பதனமும்

கேள்வி: என் தாயார் எலும்பு அடர்த்திக் குறைவுக்காக டெரிபாரடைடு ஊசியை நாள்தோறும் போட்டுக்கொள்கிறார். சென்ற வாரம் எங்கள் தெருவில் இரவு முழுவதும் மின்சாரம் இல்லை. தம்முடைய இன்சுலின் வெளியிலேயே இருப்பதாகவும், அதற்கு ஒன்றும் ஆவதில்லை என்றும் பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார். ஃப்ரிட்ஜில் இருந்த தாயாரின் ஊசிப் பேனாவைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: இரண்டுமே புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிகள்தாம், இன்சுலினில் 51, டெரிபாரடைடில் 34. ஆனால் அவற்றைப் பாதுகாக்கும் முறை வேறு. பயன்பாட்டில் இருக்கும் பெரும்பாலான இன்சுலின் வகைகளை 30 டிகிரி செல்சியசுக்கு மேற்படாத இடத்தில் ஏறத்தாழ 28 நாள் வெளியே வைத்திருக்கலாம். அதுவும் சென்னையின் மே மாதத்தில், ஏசி இல்லாத அறை அந்த எல்லைக்குள் நிற்பது அபூர்வம். டெரிபாரடைடு பேனாவோ, தொடங்கிய பிறகும் 2 முதல் 8 டிகிரியிலேயே இருக்க வேண்டும். ஊசி போடும் சில நிமிடங்களுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். 28 நாள் முடிந்ததும், மருந்து மிச்சமிருந்தாலும் அதை அப்புறப்படுத்த வேண்டும்.

திறக்காத ஃப்ரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம்தான் குளிர்ச்சியைத் தாங்கும். எனவே, இரவு முழுவதும் மின்சாரமின்றி இருந்த பேனாவைப் பயன்படுத்த வேண்டாம். அதன் விலையை அறிந்தே இதைச் சொல்கிறேன். மருந்து கலங்காமல் தெளிவாக இருப்பது அதன் வீரியத்துக்குச் சான்றாகாது. இன்சுலின் வலுவிழந்தால் சர்க்கரை அளவு ஏறி நம்மை எச்சரித்துவிடும். எலும்புக்கான மருந்து வலுவிழந்தால் அதைக் காட்டிக்கொடுக்க வீட்டில் எந்தக் கருவியும் இல்லை, தாயார் மாதக்கணக்கில் வெறும் நீரைக் குத்திக்கொள்வது போலாகிவிடும் என்பதே என் கவலை. மருத்துவரிடம் சொல்லிப் புதிய பேனா வாங்குங்கள். விட்டுப்போன ஊசிக்கு ஈடாக ஒரே நாளில் இரண்டு ஊசி போடக் கூடாது. பேனாவை ஃப்ரீசருக்கு அருகில் வைக்காதீர்கள்; ஒருமுறை உறைந்துவிட்டால் அதுவும் பயன்படாது.

கேள்வி: உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்த என் மகன், தசைக்காயம் ஆறும் என்று பிபிசி-157 (BPC-157) என்ற பொடிக்குப்பியை இணையத்தில் வாங்கி, நீரில் கலந்து ஊசியாகப் போட்டுக்கொள்கிறான். குப்பியில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறது.
– வாசகர், வேளச்சேரி

பதில்: உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பிபிசி-157 என்பதும் செயற்கையாகத் தயாரிக்கப்படும் ஓர் அமினோ அமிலச் சங்கிலிதான். 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்றால், மனிதருக்குச் செலுத்தும் மருந்துக்குரிய சோதனைகளைக் கடந்து அது வரவில்லை என்று பொருள். 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் சட்டப்படி விற்கப்படும் மருந்தின் மேலுறையில் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை இருக்கும்; உங்கள் குப்பியில் அவற்றைத் தேடிப் பாருங்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை மருந்தாக அங்கீகரிக்கவில்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப்பட்டியலில் இது 2022 முதல் இருக்கிறது. கிருமிநீக்கம் செய்யப்பட்டதா என்பது தெரியாத பொடியைத் தோலுக்குள் செலுத்துவது, அதனால் வரக்கூடிய நன்மை என்னவாக இருந்தாலும், ஏற்கத்தக்கதன்று. ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் கண்டாலோ, குப்பியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். மருந்துகளின் பக்கவிளைவுகளைத் தெரிவிப்பதற்கான 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பதிவு செய்யலாம்.