துறைமுகம் திட்டமிடக் கப்பலேற வேண்டியதில்லை

ஐயா, வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதப் பிரிவு படிக்கும் மகள் துறைமுகத் திட்டமிடல் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள், பெண் பிள்ளை மாதக்கணக்கில் கப்பலில் இருக்க வேண்டுமோ என்று நாகூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இது கரையில் இருந்துகொண்டு, இன்னும் இருபது முப்பது வருடத்தில் துறைமுகம் எப்படி இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிற வேலை.

பக்கத்தில் இருக்கும் காரைக்கால் துறைமுகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ல் தொடங்கியது, நிலக்கரிதான் முக்கியச் சரக்கு. நாளைக்கு நிலக்கரி வரத்து குறைந்தால் கப்பல் வந்து நிற்கிற அந்தத் தளங்களில் எதை இறக்குவது? கன்டெய்னர் என்றால், அதற்குத் தேவையான சரக்கு டெல்டாவில் இருக்கிறதா? இன்னும் பெரிய கப்பல் வர எவ்வளவு ஆழம் தூர்வாருவது, வாரிய மணலை எங்கே கொட்டுவது, லாரி ஊருக்குள் புகாமல் ரயிலில் எவ்வளவு அனுப்பலாம்? ஒரு கணக்கு தப்பினாலும் கோடிகள் போட்டுக் கட்டிய தளம் காலியாகக் கிடக்கும்.

கடலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் கிழக்குக் கரையில், வருடம் முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அலைதடுப்புச் சுவர் அதை மறித்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரினா அகலமானதும், ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றதும் அப்படித்தான். அரிப்பு முதலில் மீனவர் குப்பங்களைத்தான் தொடும். அவர்களிடம் உட்கார்ந்து பேசத் தெரியாதவர் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்பது என் கருத்து. நாகூரில் வளர்ந்த பெண்ணுக்கு அது சிரமமாக இருக்காது.

சரி, படிப்பு. நீங்கள் விளம்பரத்தில் பார்த்ததாக எழுதியிருக்கும் ஆறு மாத டிப்ளமோவுக்குப் பணம் கட்டாதீர்கள். சரக்கு கிளியரிங் அலுவலகத்தில் சேர அது உதவலாம், திட்டமிடலுக்கு உதவாது. பி.இ. சிவில் படிக்கட்டும். அப்புறம் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வு எழுதி, சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறையில் எம்.டெக். முயலலாம். வணிகப் பக்கம் மனம் போனால், இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் துறைமுக மேலாண்மைக்கு எம்.பி.ஏ. இருக்கிறது.

வேலை பெரும்பாலும் ஆலோசனை நிறுவனங்களிலும் துறைமுக நிறுவனங்களிலும்தான். சொந்த ஊரிலேயே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். எடுத்த எடுப்பில் ஐடி சம்பளத்தையும் எதிர்பார்க்க வேண்டாம். கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இதை அவளிடம் சொல்லிவிடுங்கள். அதற்கப்புறமும் சிவில்தான் என்றால் தடுக்காதீர்கள்.