காற்றைக் குறைங்க, பிரேக்கைப் பாருங்க: மலைச் சைக்கிள் கேள்வி பதில்

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு பதினைந்து வருடமாக எம்டிபி, அதாவது மலைச் சைக்கிள், ஓட்டுகிறேன். தொழில்முறை மெக்கானிக் இல்லை, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டவன். என்னிடம் வந்து சேர்ந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே பதில். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

ஈரோடு, கல்லூரி மாணவர்: அண்ணா, கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. இந்த விலைக்கு முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன் வைத்த சைக்கிளே கிடைக்கிறது. முன்னால் மட்டும் இருப்பதைவிட அதுதானே நல்லது?

இல்லை தம்பி. அந்த விலையில் பின் சஸ்பென்ஷன் என்பது ஒரு ஸ்பிரிங், இரண்டு போல்ட், அவ்வளவுதான். ஏற்றத்தில் மிதிக்கிற மிதியில் பாதியை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடும். சைக்கிளும் இரும்பாகக் கனக்கும். ஆறு மாதத்தில் போல்ட் ஆட ஆரம்பித்து, பின் சக்கரம் தனியாக ஒரு திசையில் போகும். முன் ஃபோர்க் மட்டும் உள்ள சைக்கிளை எடுங்கள்.

கடையில் ஸ்டிக்கரைப் பார்க்காமல் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, பிரேக் ஹைட்ராலிக்கா, அதாவது கம்பிக்குப் பதில் எண்ணெயால் இயங்குவதா. இரண்டு, ஃபிரேம் சைஸ் உங்கள் உயரத்துக்குச் சரியா. மூன்றாவதை யாரும் கேட்பதில்லை: பின் சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதி, ஹப்பில் (சக்கரத்தின் நடுக் குடம்) செருகி மாட்டுகிற கேசட்டா, மரை சுற்றி மாட்டுகிற பழைய ஃப்ரீவீலா? ஃப்ரீவீல் ஹப்பில் வலது பக்க பேரிங் உள்ளே தள்ளி இருக்கும். அதற்கு வெளியே ஆக்ஸில் தாங்கல் இல்லாமல் நீண்டு நிற்கும். கல்லிலும் குழியிலும் அடி வாங்க வாங்க அது வளையும், ஒரு நாள் முறியும். கேசட் ஹப்பில் பேரிங் ஓரத்திலேயே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. விற்பவருக்கு வித்தியாசம் தெரியவில்லையென்றால் வேறு கடை பாருங்கள்.

மேட்டுப்பாளையம், ஐ.டி. ஊழியர்: டயர் ஓரத்தில் 65 பிஎஸ்ஐ என்று எழுதியிருக்கிறது, அப்படியே அடிக்கிறேன். மண் பாதையில் சைக்கிள் குதிரை மாதிரி துள்ளுகிறது. ஃபோர்க்கை மாற்ற வேண்டுமா சார்?

ஃபோர்க்கில் ஒரு குறையும் இல்லை. டயரில் எழுதியிருப்பது தாங்கும் உச்ச அளவு. அவ்வளவு அடித்துத்தான் ஓட்ட வேண்டும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. நான் 70 கிலோ. 2.2 அங்குல டயரில் டியூப் போட்டு ஓட்டும்போது முன்னால் 28, பின்னால் 31 வைப்பேன். அதற்கு மேல் போனால் டயர் கல்லைக் கவ்வாது, கல் மேல் தாவும்.

ஒரே நாளில் 65இல் இருந்து 28க்கு இறங்க வேண்டாம். 40இல் ஆரம்பித்து, ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஓட்டி, இரண்டு இரண்டாகக் குறைத்துப் பாருங்கள். ரிம் கல்லில் 'டக்'கென்று இடிக்கும் சத்தம் வந்தால் எல்லை தாண்டிவிட்டீர்கள், இரண்டு ஏற்றுங்கள். அப்படி இடித்தால் டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும், பாம்பு கொத்தின மாதிரி. அளவுமானி உள்ள நிற்கிற பம்பு ஒன்று வாங்கிவிடுங்கள். பெட்ரோல் பங்க் காற்று வேண்டாம். கார் டயருக்கு அடிக்கிற வேகத்தில் சைக்கிள் டியூப் கண் மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிடும்.

திருப்பூர்: சீமைக்கருவேல முள்ளால் வாரத்துக்கு இரண்டு பஞ்சர். ட்யூப்லெஸ் போட்டால் சரியாகுமா?

ஆகும். உங்கள் ஊர்ப்பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் மருந்து. 29 அங்குல டயருக்கு ஏறக்குறைய 100 மில்லி சீலன்ட் (ஓட்டையை அடைக்கிற திரவம்) ஊற்றினால் முள் குத்தின இடத்தில் அதுவே கசிந்து உறைந்து அடைத்துவிடும். ஆனால் நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துபோகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்காமல் 'ட்யூப்லெஸ்தானே' என்று போனால், உள்ளே ரப்பர் உருண்டைதான் இருக்கும். ரிம் அதற்கு ஏற்றதுதானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ட்யூப்லெஸ் போட்டாலும் பையில் ஒரு டியூப் இருக்கட்டும்.

அதுவரை டியூப் ஒட்டுகிறவர்களுக்கு: முதலில் முள்ளைத் தேடுங்கள். ஒட்டி, மாட்டி, பத்து நிமிடத்தில் மறுபடி காற்று இறங்கினால் பழி சொல்யூஷன் மேல் விழும். குற்றவாளி டயருக்குள்ளேயே நுனி நீட்டிக்கொண்டிருப்பான். வெறும் விரலை விட்டுத் தடவாதீர்கள், பழைய துணியை உள்ளே சுற்றி இழுங்கள். முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும்.

சேலம், பள்ளி ஆசிரியை: சர்வீஸுக்கு விட்டு எடுத்ததிலிருந்து பின் டிஸ்க் பிரேக் ஊரையே கூட்டுகிறது, பிடிக்கவும் இல்லை. என்ன செய்தார்கள் என்றே தெரியவில்லை.

என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், எனக்கும் நடந்தது. செயினுக்கு ஸ்பிரே எண்ணெய் அடிக்கும்போது பக்கத்தில் இருக்கிற டிஸ்கிலும் பட்டிருக்கும். என்னுடையதைச் செய்தவர் 'சத்தம் வராம இருக்கட்டும்'னு டிஸ்குக்கே ஒரு அடி அடித்துக் கொடுத்தார். அந்த அன்பை மறக்க முடியாது. முதல் இறக்கத்தில் லீவர் பிடித்தும் வண்டி நிற்காமல் ஒரு தேயிலைச் செடிக்குள் போய் உட்கார்ந்தேன்.

டிஸ்கை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் துடைத்துவிடலாம், அது சுலபம். டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற பேடுதான் சிக்கல், எண்ணெயைக் குடித்துவிடும். மேலே லேசாகப் படிந்திருந்தால் உப்புத்தாளில் தேய்த்துப் பார்க்கலாம். அடுப்பில் வாட்டினால் எண்ணெய் போய்விடும் என்று சொல்வார்கள். நானும் வாட்டினேன். வீடெல்லாம் புகை, ஒரு வாரத்தில் சத்தமும் திரும்பிவிட்டது. புதுப் பேடு போடுங்கள் அக்கா, அதுதான் மலிவு. போட்டதும் சமதரையில் கொஞ்சம் வேகமெடுத்து, முழுதாக நிற்காமல் நடை வேகத்துக்குக் குறைத்து, இதையே இருபது தடவை செய்யுங்கள். பேடும் டிஸ்கும் ஒன்றோடொன்று பழகிய பிறகுதான் பிடி வரும்.

ஹைட்ராலிக் பிரேக்குக்கு எண்ணெய் மாற்றச் சொன்னால் இன்னொன்றும் கவனியுங்கள். ஷிமானோ கம்பெனி பிரேக்குக்கு மினரல் ஆயில். ஸ்ராம் கம்பெனியின் பெரும்பாலான பிரேக்குகளுக்கு டாட் (DOT) பிரேக் ஆயில், புதிதாக வந்த சில மாடல்களில் மட்டும் மினரல். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் கெட்டுவிடும்.

குன்னூர்: கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது கை மரத்துப்போகிறது. பாதி வழியில் பிரேக்கும் தளர்கிறது. ஏன்ணா?

நீங்கள் விடாமல் பிடித்துக்கொண்டே வருகிறீர்கள். அது ஏறக்குறைய 33 கிலோமீட்டர், 1,400 மீட்டருக்கு மேல் இறக்கம். அத்தனை உயரமும் பிரேக்கில் சூடாகத்தான் மாற வேண்டும். இந்த விளையாட்டு பிறந்ததே அந்தச் சூட்டில்தான். 1976இல் கலிபோர்னியாவின் மரின் பகுதியில், பழைய கனத்த சைக்கிள்களில் மலைப்பாதையில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் ஹப்புக்குள் இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு தடவையும் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவில் விட்டுவிடுங்கள், அப்புறம் அடுத்த வளைவுக்கு முன்னால் பிடியுங்கள். விட்டிருக்கிற நேரத்தில்தான் டிஸ்க் மூச்சு வாங்கும். ஆள்காட்டி விரல் ஒன்று போதும், மற்ற விரல்கள் ஹேண்டில்பாரைப் பிடிக்கட்டும். லீவரைக் கொஞ்சம் உள்ளே நகர்த்தி, விரல் அதன் நுனியில் உட்காரும்படி வையுங்கள். கை மரத்துப்போவதில் பாதி அங்கேயே போய்விடும். பெடல் இரண்டும் சமமாக, சீட்டிலிருந்து எழுந்து, இடுப்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி நில்லுங்கள். ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் நடுவில் இரண்டு இடத்திலாவது நின்று டீ குடிப்பது நல்லது. ரிம் கொதித்து டியூப் வெடித்த கதை எங்கள் கூட்டத்திலேயே உண்டு.

மதுரை: செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

மதுரையில் ஓடும். மலைக்குப் போனால் காலையில் செயின் வெள்ளையாக இருக்கும், 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். பைக் எஞ்சின் ஆயிலும் வேண்டாம், மண்ணையெல்லாம் வாரிக் கட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காய விட்டு, செயின் ஆயிலை ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, வெளியில் இருப்பதைத் துணியால் வழித்துவிடுங்கள். எண்ணெய் கண்ணிக்கு உள்ளேதான் வேண்டும், மேலே இல்லை.

செயின் தேய்ந்ததா என்று பார்க்க அங்குல அளவுகோல் போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால் அதிலிருந்து 24ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) தள்ளி நின்றால் செயினை மாற்றுங்கள். ஒரு நூல் தள்ளி நின்றால் கேசட்டுக்கும் சேர்த்துக் காசு எடுத்து வையுங்கள்.

கொடைக்கானல்: வலது பக்கமாக விழுந்த பிறகு கியர் தாவுகிறது. கேபிளை எத்தனை தடவை திருகினாலும் சரியாகவில்லை.

கேபிளை விடுங்கள். பின் டிரெய்லரை (கியர் மாற்றும்போது செயினை நகர்த்துகிற உறுப்பு) ஃபிரேமோடு சேர்க்கிற சின்ன அலுமினியத் துண்டு, ஹேங்கர், வளைந்திருக்கும். ஃபிரேம் தப்பிக்கட்டும் என்றே அதை மெத்தென்று செய்கிறார்கள். பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். டிரெய்லரின் கூண்டு செயினோடு நேர்கோட்டில் நிற்காமல் உள்பக்கம் சாய்ந்திருக்கும். இந்த நிலையில் பெரிய பல்சக்கரத்துக்கு மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

நான் மாற்றினேன். கோத்தகிரிக்குக் கீழே ஒரு தோட்டத்துச் சாலையில், ஏற்றம் வந்ததே என்று கடைசிக் கியர் போட்டேன். டிரெய்லர் ஸ்போக்ஸுக்குள் போய், மூன்று கம்பி போய், ஹேங்கர் இரண்டாக ஒடிந்து, எல்லாம் ஒரு நொடியில். அப்புறம் செயின் பிரேக்கரால் (செயின் பின்னைத் தள்ளிக் கழற்றும் கருவி) செயினை வெட்டிச் சுருக்கி, நடுப் பல்லில் நேராகப் போட்டு, ஒற்றைக் கியர் சைக்கிளாக்கி 11 கிலோமீட்டர் மிதித்து வந்தேன். ஹேங்கர் மாடலுக்கு மாடல் வேறு, அவசரத்துக்கு எங்கும் கிடைக்காது. உங்கள் சைக்கிளுக்கு உரியதை இன்றே இரண்டு வாங்கி, ஒன்றைச் சீட்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். செயின் பிரேக்கரும், செயினை மறுபடி இணைக்கிற ஒரு குவிக் லிங்க்கும் கூடவே இருக்கட்டும்.

நாமக்கல்: வீல் கோட்டம் எடுக்க நகரத்துக்குத்தான் வர வேண்டுமா?

வேண்டாம். உங்கள் தெருவில் வாடகைச் சைக்கிள் காலத்திலிருந்து கடை வைத்திருக்கும் பெரியவர் யாராவது இருப்பார், அவரிடம் போங்கள். டிஸ்க் மேல் எண்ணெய்க் கை படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னால் போதும்.

பொள்ளாச்சி: டாப்ஸ்லிப், வால்பாறை பக்கம் காட்டுக்குள் ஓட்ட நல்ல பாதை சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே 1882ஆம் வருட வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகு யாரும் கண்டுகொள்ளாமல் விடுவதில்லை, விடவும் கூடாது. நான் ஓட்டுவது ஊர்களுக்குப் போகிற ஊராட்சிச் சாலைகளிலும், மேலாளரிடம் கேட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டப் பாதைகளிலும்தான். அதுவே ஒரு ஆயுளுக்குப் போதும்.

அங்கேயும் காட்டெருமை வரும். சைக்கிளுக்குச் சத்தம் இல்லாததுதான் ஆபத்து. நீங்கள் வருவது அதற்குத் தெரியாது. ஒரு முறை வளைவு திரும்பினேன், பத்து மீட்டரில் ஒரு கடா. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி, மூக்கில் ஈரம், செடிக்கு மேலே முதுகு. இறங்கி, சைக்கிளை எங்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தேன். அது புல்லை மென்றுகொண்டே என்னைப் பார்த்தது. அன்றைக்கே வந்து ஹேண்டில்பாரில் ஒரு பித்தளை மணி மாட்டினேன். மறைவான வளைவு வந்தாலே அடிப்பேன். கூட வருகிறவர்கள் 'பால்காரர் வந்துட்டார்' என்று சிரிப்பார்கள்.