ப்ளஸ் ஒன் புத்தகத்தைத் தாண்டிப் போகலாமா?

கேள்வி: என் மகள் தனியார் பள்ளியில் ப்ளஸ் ஒன் படிக்கிறாள், கணிதம்-அறிவியல் பிரிவு. ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று ஆனதும் வகுப்பில் ப்ளஸ் டூ புத்தகத்தை எடுத்துவிட்டார்கள். கேட்டால், மார்க் வாங்க இதுதான் வழி என்கிறார்கள். விட்டுவிடலாமா?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: விடாதீர்கள் அம்மா. 2017-18ல் அந்தப் பொதுத்தேர்வைக் கொண்டுவந்ததே, பல தனியார் பள்ளிகள் ப்ளஸ் ஒன் புத்தகத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் ப்ளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்ததால்தான். அப்படிக் கைநிறைய மார்க்கோடு இன்ஜினியரிங் போன பிள்ளைகள் பலர் முதல் வருடக் கணக்கில் திணறிப்போனார்கள். முதலில் இரண்டு வருட மார்க்கையும் சேர்த்து 1200 என்றார்கள், அப்புறம் 2018ல் உயர்கல்விக்கு ப்ளஸ் டூவின் 600 மட்டும் போதும் என்று மாற்றினார்கள். அன்றைக்கே அந்தத் தேர்வின் பல் போய்விட்டது, பிள்ளைகளுக்குப் பயம் மட்டும்தான் மிஞ்சியது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது அந்த வயதுக்கு மிக அதிகம், அதனால் 2025ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்தது சரி என்றே நினைக்கிறேன்.

ஆனால் பள்ளிகளைத் தூண்டிய காரணம் அப்படியேதான் இருக்கிறது. இன்ஜினியரிங் கவுன்சலிங்கின் 200 கட்-ஆஃப் முழுக்க ப்ளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் மார்க்தான்.

கணக்கை மட்டும் பாருங்கள். வகையிடல், தொகையிடல் எல்லாம் தொடங்குவது ப்ளஸ் ஒன்னில், ப்ளஸ் டூவில் வருவது அவற்றின் பயன்பாடுகள். முன்னதைப் படிக்காத பிள்ளை பின்னதை மனப்பாடம்தான் செய்யும். நீட், ஜேஇஇ இரண்டிலும் ப்ளஸ் ஒன் பாடம் உண்டு என்பதையும் பள்ளியிடம் சொல்லுங்கள். மகளின் நோட்டுகளை அவ்வப்போது வாங்கிப் பாருங்கள், எந்தப் பாடம் வரை நடந்திருக்கிறது என்று கேளுங்கள், நாலு பெற்றோர் சேர்ந்து போய்க் கேட்டால் இன்னும் நல்லது, அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள். அரசும் ப்ளஸ் டூ வினாத்தாளில், ப்ளஸ் ஒன் பாடம் தெரிந்தால்தான் போட முடிகிற கேள்விகளைக் கணிசமாக வைக்க வேண்டும். வைத்துவிட்டால் எந்தப் பள்ளியும் அந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போகாது.

கேள்வி: அப்படியே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வையும் எடுத்துவிட்டால் என்ன?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: வேண்டாம். பத்தோடு படிப்பை நிறுத்துகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பாலிடெக்னிக்கில் சேரவும், குரூப் 4 தேர்வு எழுதவும் அவர்கள் கையில் இருப்பது அந்த ஒரு சான்றிதழ்தான். தேர்வு இருக்கட்டும், ஆனால் அந்த ஒரு வருடத்துக்காக விளையாட்டு பீரியடை முழுக்கப் பிடுங்கிக்கொள்வதை முதலில் நிறுத்த வேண்டும்.