எண்ணா, பெயரா? நெட்வேர்க் கேள்வி பதில்

கல்லடியிலிருந்து ஒரு தங்கை: என் நிரலில் பயனர் தருவது ஐபி எண்ணா (192.168.1.10 போன்ற கணினி முகவரி), ஹோஸ்ட் பெயரா (கணினியின் எழுத்துப் பெயர்) என்று பார்க்கப் புள்ளிகளை எண்ணுகிறேன். சரியா?

எண்ண வேண்டாம் தங்கச்சி. ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி வந்தால் அதில் புள்ளிக்குப் பதில் முக்காற்புள்ளிதான் இருக்கும். எண்ணோ பெயரோ, முகவரியாக்கித் தரும் கெட்அட்ரின்ஃபோ என்ற செயற்கூறிடம் அப்படியே கொடுங்கள். எண் என்றால், பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் பக்கம் போகாது, பெயர் என்றால் தேடும். எண் மட்டும்தான் வேண்டுமா? ஏஐ_நியூமெரிக்ஹோஸ்ட் கொடியைச் சேருங்கள், பெயர் வந்தால் பிழை சொல்லிவிடும்.

சம்மாந்துறைத் தம்பி: நெல் மில்லில் தராசின் முகவரி 192.168.1.10. வரிசை அழகாக இருக்கட்டும் என்று 192.168.001.010 என்று எழுதினேன். இணைப்பு வேறு எங்கோ போகிறது.

அழகுதான் வினை. முன்னால் சைபர் இருந்தால் முகவரியை வாசிக்கும் பழைய செயற்கூறான இனெட்_ஏடான் அதை எண்ம முறையில், அதாவது எட்டை அடியாக வைத்து, வாசிக்கும். சாதாரண தரத்தில் படித்த அதே எண்மம்தான். அதில் 010 என்றால் 8. லினக்ஸில் கெட்அட்ரின்ஃபோவும் அப்படியே. உங்கள் நிரல் 192.168.1.8ஐத் தேடிப் போயிருக்கிறது. 008 என்று எழுதியிருந்தால் பிழையாவது வந்திருக்கும், ஏனெனில் எண்மத்தில் 8 என்ற இலக்கமே இல்லை. 127.1 என்று எழுதினாலும் 127.0.0.1 என்று எடுத்துக்கொள்ளும் ஆள் இந்த இனெட்_ஏடான்.

காத்தான்குடியிலிருந்து: இல்லை காக்கா, பைதனில் 010ஐப் பத்தாக எடுத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

பார்த்திருப்பீர்கள். பைதனில் முகவரிகளைக் கையாளும் ஐபிஅட்ரஸ் நூலகம் கொஞ்சக் காலம் அப்படித்தான் செய்தது. வில்லங்கமும் அங்கேதான்: சோதிக்கிற வரி 10 என்று படிக்கும், இணைக்கிற வரி 8க்குப் போகும். தடுத்த முகவரிக்குப் பின்கதவால் போகலாம். 2021இல் இது பாதுகாப்பு ஓட்டையாகப் பதிவாகி, பைதன் 3.9.5இலிருந்து முன் சைபரையே மறுக்கிறார்கள்.

ஏறாவூர்: மூன்று புள்ளி இருந்தால் ஐபிதானே?

மேலே பாருங்கள். எண்ண வேண்டாம்.

வாழைச்சேனை: பெயருக்குப் பதில் ஐபி போட்டால் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் பிழை வருகிறது.

சான்றிதழ் பெரும்பாலும் பெயருக்குத்தான் கொடுக்கப்படும். பெயரையே போடுங்கள். சேர்வர் இடம் மாறினாலும் நிரலைத் தொட வேண்டியதில்லை.

அக்கரைப்பற்று: வீட்டு வைபை மெதுவாக இருக்கிறது.

ரவுட்டர் விற்ற கடையில் கேளுங்கள்.

மறுபடி காத்தான்குடி: அப்ப 010 வந்தால் எட்டா, பத்தா?

இரண்டும் இல்லை. முகவரியைக் கண்டிப்பாக வாசிக்கும் இனெட்_பிடான் என்ற செயற்கூறிடம் கொடுங்கள், லினக்ஸில் அது முன் சைபரை ஏற்காது. பயனரிடமே திருப்பிக் கேளுங்கள். சம்மாந்துறைத் தம்பி, சைபர்களை அழித்தீர்களா?