மதுரை வரைக்கும் பசிக்கவே இல்லையா?

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. பள்ளிக்கூடத்திலிருந்தே நாங்கள் மூன்று பேர் ஒன்றாகத் திரிகிறோம். நானும் ஒருத்தியும் ஐ.டி.யில், இன்னொருத்தி ஒரு சின்னத் தனியார் பள்ளியில் டீச்சர். பெரியவர்கள் துணையில்லாமல் முதல்முறையாக அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு தனுஷ்கோடி போனோம். போக வர சுமார் 1200 கிலோமீட்டர், லைசென்ஸ் எனக்கு மட்டும்தான் என்பதால் முழுக்க நானே ஓட்டினேன். டீச்சர் வழியெல்லாம் உம்மென்று வந்தாள், எங்கே நிறுத்தினாலும் பசியில்லை என்று காரிலேயே இருந்துகொண்டாள். திரும்பும்போது சேலத்தில் சாப்பாட்டுக் கணக்கைப் பங்கு போட்டோம். "அப்புறம் அனுப்புறேன்" என்றாள். "உனக்கு எப்பவும் அப்புறம்தானா?" என்று மற்றவள் கேட்டதுதான் தாமதம், பையை எடுத்துக்கொண்டு போய் பஸ் ஏறிவிட்டாள். மூன்று வாரமாகப் பேச்சில்லை. நடுவழியில் விட்டுப் போனவள்தானே முதலில் பேச வேண்டும்?
பெயர் வேண்டாம், அல்சூர், பெங்களூரு

பதில்: தங்கச்சி, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "பசியில்லை" என்ற இடத்தை என்னால் தாண்டவே முடியவில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி, நாமக்கல், திண்டுக்கல் எல்லாம் கடந்து மதுரை வரைக்கும் ஒரு 24 வயதுப் பெண்ணுக்குப் பசிக்காமலா இருக்கும்?

நான் ஸ்ரீராம்புரத்தில் வளர்ந்தவள். காலேஜ் முடிந்த வருஷம் தோழிகளோடு ஒகேனக்கல் போயிருந்தேன். அங்கே ஆற்றங்கரையிலேயே மீனில் மிளகாய்ப்பொடி தடவிச் சுடச்சுட வறுத்துக் கொடுப்பார்கள். எல்லோரும் தட்டை நீட்டியபோது, எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டேன். திரும்பி வர பஸ் காசு மட்டும்தான் இருந்தது, அதைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தேன். ஒருத்திகூட எழுந்து வந்து ஏன் என்று கேட்கவில்லை. அந்த மீன் வாசனை இன்னும் மறக்கவில்லை.

கொஞ்சம் கணக்குப் பார். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினாலும் 80 லிட்டர், நம் ஊரில் பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல், அதுவே எட்டாயிரத்தைத் தாண்டுகிறது. அப்புறம் டோல், ரூம் வாடகை, சாப்பாடு. மூன்றாகப் பிரித்தாலும் சின்னப் பள்ளி டீச்சருக்கு அது எத்தனை நாள் சம்பளம்? முடியாது என்றால் தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவீர்களோ என்ற பயத்திலேயே அவள் சரி என்று தலையாட்டியிருக்கலாம்.

உன் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாரம் ஏற்றிய லாரி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று தொப்பூர் இறக்கத்தில் கியரைக் குறைத்துக் குறைத்து இறங்குவது என்ன லேசான வேலையா? பிரேக் பிடிக்காத லாரிகளால் எத்தனை விபத்து நடந்த இடம் அது. ஸ்டீயரிங்கைப் பிடித்த கை வியர்த்திருக்கும், அந்த நேரம் பக்கத்தில் ஒருத்தி முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். (இனிமேல் தயவுசெய்து ஒருத்தியே இவ்வளவு தூரம் ஓட்டாதே, மதுரையில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போ.) நீ களைத்துப் போயிருந்தாய், அவள் பசியோடு இருந்தாள், மூன்றாமவள் வாயை விட்டுவிட்டாள்.

விட்டுப் போனாள் என்று எழுதியிருக்கிறாய். சேலத்திலிருந்து பெங்களூரு 200 கிலோமீட்டர். கையில் இருந்த கொஞ்சக் காசில் டிக்கெட் எடுத்துத் தனியாக வந்திருக்கிறாள். பத்திரமாக வந்து சேர்ந்தாளா என்று அன்றைக்கு ராத்திரி உங்களில் யாராவது கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லையே.

அதனால் நீதான் முதலில் பேச வேண்டும். மெசேஜ் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீ மட்டும் அவள் வீட்டுக்குப் போ, அவங்க அம்மா சாப்பிடச் சொன்னால் உட்கார்ந்து சாப்பிடு. "அன்னிக்கு எப்படி வந்து சேர்ந்தே?" என்று கேள். "சொல்லியிருந்தா நானே கொடுத்திருப்பேனே" என்று மட்டும் சொல்லிவிடாதே, சேலத்தில் கேட்ட சொல்லைவிட அது அதிகமாகக் குத்தும். அவள் தன் பங்கை எடுத்துக் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள். மற்றவள் சொன்ன சொல்லுக்கு அவளே போய் மன்னிப்புக் கேட்கட்டும், நீ தூது போகாதே.

அடுத்த தடவை பஸ்ஸில் போங்கள். 2023 ஜூன் மாதம் வந்த சக்தி திட்டத்தில், கர்நாடக முகவரியுள்ள ஆதாரைக் காட்டினால் மாநிலத்துக்குள் சாதாரண, எக்ஸ்பிரஸ் அரசு பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. காலையில் மைசூரு போய்விட்டு ராத்திரி திரும்பிவிடலாம். கிளம்பும் முன் மூன்று பேரும் ஒரே தொகையை ஒரே பர்ஸில் போடுங்கள், எவ்வளவு என்று டீச்சர் சொல்லட்டும், பர்ஸும் அவளிடமே இருக்கட்டும். மத்தூர் ஊருக்குள் நின்று போகிற பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள், சூடாக வடை கிடைக்கும். நீ ஜன்னலோரம் உட்கார்ந்துகொள், இந்தத் தடவை ஓட்டுவதற்கு வேறு ஆள் இருக்கிறார்.