13-க்கு 13: கருணாநிதியின் தேர்தல் கணக்கு – கேள்வி பதில்

பழைய தேர்தல் முடிவுகளைக் கிளறுவது எனக்கு ரொம்ப நாள் பழக்கம். கருணாநிதி நின்று, எல்லாவற்றிலும் ஜெயித்த 13 சட்டமன்றத் தேர்தல்களைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. அவரைக் கொண்டாடுகிறவர்களும் கேட்டிருக்கிறார்கள், பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறவர்களும் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். இங்கே பேச்சு எம்.எல்.ஏ. கருணாநிதியைப் பற்றி மட்டும். முதல்வரும் வசனகர்த்தாவும் தேவைப்பட்டால் எட்டிப் பார்ப்பார்கள்.

சார், முதலில் பட்டியலைச் சொல்லிவிடுங்கள். எந்த ஆண்டு எந்தத் தொகுதி? (போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர்)

1957-ல் குளித்தலை. 1962-ல் தஞ்சாவூர். 1967, 1971 இரண்டும் சைதாப்பேட்டை. 1977, 1980 அண்ணா நகர். 1989, 1991 துறைமுகம். 1996, 2001, 2006 மூன்றும் சேப்பாக்கம். 2011, 2016 திருவாரூர். மொத்தம் ஏழு தொகுதிகள். நடுவில் 1984-ல் மட்டும் அவர் நிற்கவில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

குளித்தலையில் சுயேச்சையாகத்தான் ஜெயித்தார் என்கிறார்களே, உண்மையா?

ஏட்டுக் கணக்கில் உண்மை. திமுக தேர்தலில் நிற்பது என்று முடிவெடுத்ததே 1956 திருச்சி மாநாட்டில்தான். அடுத்த ஆண்டு தேர்தலின்போது கட்சிக்கு அங்கீகாரம் கிடையாது. அதனால் தேர்தல் ஆணையத்தின் 1957 பதிவுகளில் திமுகவினர் எல்லோரும் சுயேச்சைகள். குளித்தலையில் கருணாநிதிக்கு 22,785 வாக்குகள், காங்கிரஸின் கே.ஏ. தர்மலிங்கத்துக்கு 14,489. வித்தியாசம் 8,296. அப்போது அவருக்கு 33 வயதுகூட நிரம்பவில்லை.

சட்டமன்றத்தில் அவருடைய கன்னிப்பேச்சு நங்கவரம் விவசாயிகளைப் பற்றியது. சொந்த ஏரும் மாடும் வைத்து வாரத்துக்கு உழுதவர்கள் அவர்கள். 'கையேரு வாரம்' என்பார்கள். பண்ணையோடு அவர்களுக்கு இருந்த தகராறைத்தான் அவர் சபைக்குக் கொண்டுபோனார். காவிரியின் குறுக்கே முசிறிக்கும் குளித்தலைக்கும் பாலம் வந்தது அவர் ஆட்சிக்கு வந்த பிறகு. அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் அந்தப் பாலத்தைக் காட்டித்தான் அவரைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

1962-ல் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார். இவர் எப்படித் தப்பித்தார்?

தப்பித்தார் என்ற சொல் பொருத்தம்தான். தஞ்சாவூரில் காங்கிரஸின் பரிசுத்த நாடாரை எதிர்த்து நின்றார். 32,145-க்கு 30,217, வித்தியாசம் வெறும் 1,928. திமுக மாநிலம் முழுக்க 50 இடங்களைப் பிடித்து எதிர்க்கட்சியாக வளர்ந்த தேர்தல் அது. கட்சியின் தலைவர் வெளியே, இவர் சபைக்கு உள்ளே. எதிர்க்கட்சித் துணைத் தலைவர் பொறுப்பு கிடைத்தது. அண்ணாவுக்குப் பிறகு யார் என்ற கேள்வி 1969-ல் எழுந்தபோது இவர் பெயர் அடிபட்டதற்கு இந்த 1,928 வாக்குகளுக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. தஞ்சாவூரில் தோற்றிருந்தால் 1967-ல் பொதுப்பணித் துறை அமைச்சராகும் அளவுக்குச் சட்டமன்ற அனுபவம் சேர்ந்திருக்காது.

மிகக் குறைந்த வித்தியாசம் எது அண்ணா? 699-ஆ 890-ஆ? எங்கள் வீட்டில் பந்தயம்.

699 சொன்னவருக்குப் பந்தயப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். 1980, அண்ணா நகர். கருணாநிதி 51,290, அதிமுகவின் எச்.வி. ஹண்டே 50,591. அந்த வருடம் ஜனவரியில்தான் திமுக–இந்திரா காங்கிரஸ் கூட்டணி மக்களவைத் தேர்தலில் வாரிச் சுருட்டியிருந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியும் கலைக்கப்பட்டது. இனி நம் ஆட்சிதான் என்று திமுகவினர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. எம்.ஜி.ஆர். 129 இடங்களோடு திரும்பினார், திமுகவுக்கு 37. அந்த அலை அண்ணா நகர் வாசல்படி வரை வந்து நின்றது. தோற்ற டாக்டர் ஹண்டே பிறகு எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் சுகாதார அமைச்சராக இருந்தார்.

890 என்பது 1991, துறைமுகம். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

சொல்லுங்கள். 1991-ல் என்ன நடந்தது?

ஜனவரி கடைசியில் திமுக ஆட்சியைக் கலைத்தார்கள். மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். தள்ளிப்போன தேர்தல் ஜூனில் நடந்தபோது திமுக கொடி கட்டிய வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த ஊர்கள் உண்டு. அதிமுக–காங்கிரஸ் கூட்டணி மாநிலத்தையே துடைத்து எடுத்தது. துறைமுகத்தில் கருணாநிதிக்கு 30,932, காங்கிரஸின் கே. சுப்புவுக்கு 30,042.

கட்சி தரைமட்டமான நேரத்தில் தான் ஜெயித்தது அவருக்கு உவப்பாக இருக்கவில்லை. தோல்விக்குப் பொறுப்பேற்று எம்.எல்.ஏ. பதவியை விட்டு விலகினார். அந்த ஐந்தாண்டில் சபையில் திமுக குரலாக ஒலித்தவர் எழும்பூரின் பரிதி இளம்வழுதி. 'வீர அபிமன்யு' என்று அவரைக் கருணாநிதி அழைத்ததைக் கழகத்தினர் மறக்கவே மாட்டார்கள்.

தோற்கவே இல்லை என்று பெருமை பேசுகிறீர்கள். பாதுகாப்பான தொகுதியாகத் தேடி ஓடிக்கொண்டே இருந்தவர்தானே? (சேலத்திலிருந்து)

கேள்வியில் காரம் இருந்தாலும் விஷயம் இருக்கிறது. 2,000 வாக்குக்குக் கீழே அவர் ஜெயித்தது மூன்று முறை: தஞ்சாவூர் 1962, அண்ணா நகர் 1980, துறைமுகம் 1991. அந்த மூன்று தொகுதிகளில் ஒன்றிலும் அதற்குப் பிறகு அவர் நிற்கவே இல்லை. தஞ்சாவூருக்குப் பின் சைதாப்பேட்டை, அண்ணா நகருக்குப் பின் துறைமுகம், துறைமுகத்துக்குப் பின் சேப்பாக்கம். மூன்று முறையும் அடுத்த தேர்தலில் வித்தியாசம் எகிறியிருக்கிறது: 20,484, 31,991, 35,784.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 1980-ல் 350 பேர், 1991-ல் 446 பேர், 1962-ல் 965 பேர் இவருக்குப் போட்ட ஓட்டை எதிராளிக்கு மாற்றிப் போட்டிருந்தால் மூன்றிலும் தோல்வி. கூட்டினால் 1,761 பேர். ஒரு பெரிய கல்யாண மண்டபத்துக் கூட்டம். 60 வருடச் சாதனை அந்த அளவு மெல்லிய இழையிலும் தொங்கியிருக்கிறது.

ஆனால் 'ஓடினார்' என்று முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. எந்தத் தொகுதியில் காற்று மாறுகிறது என்று முன்கூட்டியே மோப்பம் பிடிப்பது அரசியல்வாதியின் தொழில் அறிவு. 1977-ல் மாநிலம் முழுக்க எம்.ஜி.ஆர். அலை, சென்னையில் மட்டும் திமுக காலூன்றி நின்றது. அண்ணா நகரில் அவர் 16,438 வித்தியாசத்தில் ஜெயித்தார். 1967-லிருந்து 2006 வரை சென்னையை விட்டு அவர் வெளியே நிற்காததற்குக் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். மண்ணின் மைந்தன் என்ற நம்பிக்கையில் விருதுநகரிலேயே நின்ற காமராஜர் 1967-ல் 1,285 வாக்கில் தோற்றதை நினைத்துப் பாருங்கள். காமராஜரைக் குறைத்துச் சொல்லவில்லை; இரண்டு பேரும் தேர்தலைப் பார்த்த விதம் வேறு.

1984-ல் ஏன் நிற்கவில்லை? பயமா?

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் மீது நடந்த படுகொலைகளுக்குப் பிறகு, மத்திய, மாநில அரசுகள் போதுமான அளவு செயல்படவில்லை என்று சொல்லி ஆகஸ்டில் இவரும் பேராசிரியர் அன்பழகனும் எம்.எல்.ஏ. பதவிகளை ராஜினாமா செய்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் தேர்தலில் இவர் போட்டியிடவில்லை, மேலவை உறுப்பினரானார். அந்த மேலவையையும் 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்துவிட்டது.

பயமா என்றால், மனதுக்குள் புகுந்து பார்க்க என்னால் முடியாது. 1984 தேர்தல் சூழல் மட்டும் தெரியும்: இந்திரா காந்தி கொலையுண்ட அனுதாபம் ஒரு பக்கம், அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்த எம்.ஜி.ஆர். மீது அனுதாபம் மறுபக்கம். யார் நின்றாலும் பாடுதான்.

பெரிய வெற்றி 2016 திருவாரூர்தானே?

எண்ணிக்கையில் ஆமாம். 1,21,473-க்கு 53,107, வித்தியாசம் 68,366. அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே அதுதான் அதிகம். 92 வயதை எட்டிக்கொண்டிருந்தவர், சக்கர நாற்காலியில் பிரசாரம்.

ஆனால் விகிதத்தில் பார்த்தால் என் ஓட்டு 1996 சேப்பாக்கத்துக்கு. 46,097 வாங்கினார், எதிர்த்து நின்ற காங்கிரஸின் நெல்லை கண்ணனுக்கு 10,313. நாலரை மடங்கு! திருவாரூரில் இரண்டேகால் மடங்குதான். சேப்பாக்கம் சின்னத் தொகுதி, அதனால் வித்தியாசம் 35,784-ஆகத் தெரிகிறது. 1989 துறைமுகமும் இதே ரகம், அதிமுக ஜெயலலிதா அணி, ஜானகி அணி என்று உடைந்து கிடந்ததில் இரண்டாம் இடத்துக்கு வந்த முஸ்லிம் லீக்கின் வகாப் பெற்றதே 9,641.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய வித்தியாசமும் கட்சியின் அதிர்ஷ்டமும் சேர்ந்து போவதில்லை. 2006-ல் முதல்வரானார், சேப்பாக்கத்தில் கிடைத்தது 8,526. சுயேச்சையாக நின்றவர் காயிதே மில்லத்தின் பேரன் தாவூத் மியாகான். 2011-லும் 2016-லும் ஆட்சி இல்லை, சொந்த வித்தியாசம் மட்டும் 50,000-க்கு மேலே.

சொந்த ஊர்ப்பக்கம் வர 2011 வரை ஏன் காத்திருந்தார்? (திருவாரூர்க்காரன்)

உங்கள் தொகுதி அதற்கு முன்பு தனித்தொகுதி. தொகுதி மறுசீரமைப்பில் பொதுத்தொகுதியாக மாறிய பிறகு வந்த முதல் சட்டமன்றத் தேர்தல் 2011. அதே மறுசீரமைப்பில் சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியோடு சேர்ந்து வேறு தொகுதியாகிவிட்டது. இரண்டும் ஒன்றாக அமைந்தன. திருவாரூர் தனி மாவட்டம் ஆனது 1997-ல், மத்தியப் பல்கலைக்கழகம் வந்தது 2009-ல். அதாவது அவர் உங்கள் எம்.எல்.ஏ. ஆவதற்கு முன்பே ஊருக்கு வரவேண்டியவை வந்துவிட்டன. முதல்வராக இருந்து செய்ததற்கு எம்.எல்.ஏ.வாக ஓட்டு வாங்கினார் என்று சொல்லலாம்.

ஜெயித்தார் சரி, சபைக்குப் போனாரா?

இரண்டு பாகமாகப் பிரிக்க வேண்டும். 1957-லிருந்து 1983 வரை சபைதான் அவருடைய களம். எதிர்க்கட்சித் தலைவராக எம்.ஜி.ஆரோடு மோதிய காலம் அதில் சேர்த்தி. ஜெயலலிதா முதல்வராக இருந்த ஆண்டுகள் வேறு கதை. 2001-ல் எதிர்க்கட்சித் தலைவர் பொறுப்பை அன்பழகனிடம் விட்டுவிட்டார். 2011-க்குப் பிறகு சக்கர நாற்காலிக்கு ஏற்ற இருக்கை வசதி செய்து தரவில்லை என்பது திமுகவின் புகார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுப் போவார். தொகுதி மக்கள் பக்கம் நின்று பார்த்தால் இது குறைதான். சாதனைப் பட்டியலில் இதையும் எழுத வேண்டும்.

எம்.ஜி.ஆரும் தோற்றதில்லையே? இவருக்கு மட்டும் ஏன் இந்தப் புகழ்?

எம்.ஜி.ஆர். பரங்கிமலை, அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு, ஆண்டிபட்டி என்று நின்ற சட்டமன்றத் தேர்தல் எல்லாவற்றிலும் ஜெயித்தவர்தான். எண்ணிக்கை ஐந்து. சரியான ஜோடி வேண்டும் என்றால் கேரளத்துக்குப் போங்கள். கே.எம். மாணி, பாலா தொகுதியில் 1965 முதல் 2016 வரை 13 முறை, ஒரே தொகுதி, ஒரு தோல்வியும் இல்லை. ஒருவர் ஏழு தொகுதி மாறி 13, இன்னொருவர் இருந்த இடத்தில் இருந்தே 13. இரண்டில் எது கடினம் என்று என்னைக் கேட்டால் மாணிதான் என்பேன். உடன்பிறப்புகள் மன்னிக்கவும்.

எம்.பி. தேர்தலில் நின்றிருக்கிறாரா?

இல்லை.

அவர் போன பிறகு அந்தத் தொகுதிகள் என்ன ஆயின?

2018 ஆகஸ்ட் 7-ல் அவர் இறந்ததும் திருவாரூர் காலியானது. 2019 ஜனவரியில் இடைத்தேர்தல் என்று அறிவித்தார்கள். கஜா புயல் நிவாரண வேலை நடந்துகொண்டிருந்ததால் ரத்தானது. பிறகு மக்களவைத் தேர்தலோடு சேர்ந்து நடந்ததில் திமுகவின் பூண்டி கலைவாணன் ஜெயித்தார். சேப்பாக்கம்–திருவல்லிக்கேணியில் 2021-ல் பேரன் உதயநிதி நின்றார், வித்தியாசம் 69,355. தாத்தாவின் உச்சத்தைவிட 989 அதிகம்.