உருகுவே வென்ற வழக்கு: புகையிலை குறித்து வாசகர் கேள்விகள்

நம் நாட்டிலேயே சட்டம் இருக்கும்போது பன்னாட்டு உடன்படிக்கை எதற்கு?
(கல்லூரி மாணவர், மதுரை)

இங்கே வரியை உயர்த்தினால் எல்லை தாண்டிக் கடத்தல் சிகரெட் வருகிறது. இங்கே விளம்பரத்தைத் தடுத்தால் வெளிநாட்டுச் சேனல் வழியாக வருகிறது. தனியாக நின்று இவற்றைத் தடுக்க எந்த நாட்டாலும் முடியாது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2003 மே மாதம் நிறைவேறி, 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2003லும் இந்தியா 2004லும் அதை ஏற்றுக்கொண்டன. அமெரிக்கா கையெழுத்திட்டதோடு நின்றுவிட்டது. இந்தோனேசியா கையெழுத்தே போடவில்லை. எனக்கு ஆறாத வருத்தம் இது.

சிகரெட் கம்பெனி ஓர் அரசாங்கத்தின் மீதே வழக்குப் போடுமாமே, உண்மையா?
(வாசகர், திருச்சி)

போட்டது. தென் அமெரிக்காவில் சுமார் 35 லட்சம் மக்கள் வாழும் சிறிய நாடு உருகுவே. அதன் அப்போதைய அதிபர் தபாரே வாஸ்கெஸ் புற்றுநோய் மருத்துவர். அவர் ஆட்சியில் இரண்டு விதிகள் வந்தன. பாக்கெட்டின் 80 சதவீதப் பரப்பில் எச்சரிக்கை இருக்க வேண்டும். ஒரு பிராண்டு ஒரே வடிவில்தான் விற்கப்பட வேண்டும். கடையில் சிவப்பு, தங்கம், நீலம், பச்சை என்று மார்ல்போரோ சிகரெட் அடுக்கியிருந்தால், தங்க நிறப் பெட்டியில் இருப்பது கெடுதல் குறைந்தது என்று வாங்குபவர் நம்பிவிடுகிறார். இரண்டாவது விதி அந்த ஏமாற்றைத்தான் குறிவைத்தது.

மார்ல்போரோவைத் தயாரிக்கும், சுவிட்சர்லாந்திலிருந்து இயங்கும் பிலிப் மோரிஸ் கம்பெனி, அந்த நாட்டுடன் உருகுவே செய்திருந்த முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி, 2010இல் பன்னாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. உருகுவே தனியாக நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் அதன் பக்க நியாயத்தை எழுத்தில் முன்வைத்தது. அமெரிக்காவின் ப்ளூம்பெர்க் அறக்கட்டளை வழக்குச் செலவுக்கு உதவியது. 2016 ஜூலையில் கம்பெனி தோற்றது. உருகுவேயின் செலவுக்காக 70 லட்சம் டாலர் தர வேண்டியும் வந்தது. அந்தத் தீர்ப்பை வாசித்த நாளில் நான் கண்கலங்கினேன்.

என் அம்மா முப்பது வருடமாகப் பீடி சுற்றுகிறார். புகையிலையை ஒழித்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியுமா?
(வாசகி, தென்காசி மாவட்டம்)

நியாயமான கேள்வி, அம்மா. முக்கூடல் பக்கத்துத் திண்ணைகளில் பார்த்திருக்கிறேன். மடியில் முறம், கத்தரித்த இலையில் தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்டும் விரல்கள் பேச்சின் நடுவிலும் நிற்பதில்லை. அந்தத் தூள்தான் மூச்சோடு உள்ளே போகிறது. தொழிலாளர்களுக்கு மாற்றுப் பிழைப்பு அமைய அரசுகள் துணைநிற்க வேண்டும் என்கிறது உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு. 2016இல் பாக்கெட்டின் 85 சதவீதத்துக்கு எச்சரிக்கைப் படம் கொண்டுவந்த நம் அரசு, இதிலும் அதே உறுதியைக் காட்ட வேண்டும். கைக்கு வேறு வேலை தராமல் பீடியைப் பறிப்பதை நான் ஏற்க மாட்டேன். இப்போதைக்கு, அம்மாவை மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் உட்காரச் சொல்லுங்கள். கைக்குழந்தை அருகில் வேண்டாம்.

எங்கள் பள்ளிக்குப் புகையிலைக் கம்பெனி ஒன்று நன்கொடை தர முன்வருகிறது. வாங்கலாமா?
(தலைமையாசிரியர், ஈரோடு)

வாங்காதீர்கள். இத்தகைய நன்கொடையையும் விளம்பரத்தோடு சேர்த்தே தடுக்கச் சொல்கின்றன உடன்படிக்கையின் 13ஆம் பிரிவுக்கான வழிகாட்டு நெறிகள். வகுப்பறைச் சுவரில் பதிக்கும் கல்வெட்டில் அந்தக் கம்பெனியின் பெயர் இருந்தால், பிள்ளைகள் அதைத் தினமும் படித்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள்.